பட்டனுக்காகத் தோண்டிய பள்ளம்

துப்பாக்கி வெளியே வந்துவிட்டால் வளைக்குள் வெள்ளைக் கீரியைத்தான் விட வேண்டும். யார்க்‌ஷரின் அந்தச் சுண்ணாம்புக் குன்றுப் பக்கம் முயல் பிடிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் ஏதோ தான் மட்டும் கண்டுபிடித்த சட்டம் மாதிரி வில்ஃப் ஸ்டாக்டேல் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பழுப்புக் கீரி வளையிலிருந்து தலையை நீட்டினால் அசல் முயல் மாதிரியே இருக்கும். அவசரக்காரன் கையில் துப்பாக்கி இருந்தால் கீரியின் கதை முடிந்தது. ஒருமுறை அவர் மனைவி நோரீனின் தம்பி டென்னிஸ், பழுப்புக் கீரியையும் துப்பாக்கியையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டான். வயல் நடுவில் நிற்க வைத்து, "உன் மண்டையில இருக்கறது மூளையா, மாட்டுத் தீவனமா?" என்று கேட்டு அவனை விரட்டிவிட்டார் வில்ஃப். அதற்கப்புறம் மூன்று கிறிஸ்துமஸுக்கு டென்னிஸ் இவர்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கீரி என்று நான் சொல்வது ஃபெரெட்டை. நம் கீரிக்குத் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழ நீளம், குழாய் மாதிரி உடம்பு, எந்தப் பொந்திலும் நுழைந்துவிடும். அது உள்ளே வந்த வாசனை பட்டால் போதும், முயல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே பாயும். வெளியே வலையோ துப்பாக்கியோ காத்திருக்கும். வேலை அவ்வளவுதான். சொல்வதற்கு என்ன, செய்து பார்த்தால் தெரியும்.

வில்ஃபுக்கு அறுபத்தெட்டு, நோரீனுக்கு அறுபத்து நாலு. ஏழு பண்ணைகளில் முயலை அடக்கி வைப்பது இவர்கள் பொறுப்பு. கீரிகளும் வலைகளும் நோரீனுடையவை. கூண்டுப் பொறிகள் இருவருக்கும் பொது. துப்பாக்கி வில்ஃபுடையது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. சட்டப்படியும் கூடாது, வில்ஃப்படியும் கூடாது.

அந்தத் துப்பாக்கிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை போலீஸிலிருந்து ஆட்கின் என்பவர் வீட்டுக்கு வரப்போகிறார். பெட்டி பூட்டியிருக்கிறதா, தோட்டா எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார். அதெல்லாம் பிரச்சினை இல்லை. போன தடவை வில்ஃப் பெட்டியைத் திறக்க மாடிக்குப் போன நேரத்தில் அந்த ஆட்கின் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது கவலை இருக்காம்மா, இவர் துப்பாக்கி வெச்சிருக்கறதுல?" என்று தணிந்த குரலில் கேட்டார். "இருக்கே! இவர் சாக்ஸைக் கழட்டி எங்கெங்க போடறார்னு நீங்கதான் வந்து பார்க்கணும்" என்று நோரீன் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். இந்தத் தடவையும் அதே கேள்வியைக் கேட்பார். நோரீனுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

ஏனென்றால் வில்ஃபின் கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அவள் கண்டுபிடித்தது நவம்பரில். காலையில் கூண்டுப் பொறிகளைப் பார்த்துவரப் போனார்கள். ஒரு கூண்டுக்குள் முயல் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் அதைத் தாண்டிப் போய், "இதுவும் காலி" என்கிறார். அப்புறம் வரிசையாக வந்தது. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். விரித்த வலையை மிதித்துக்கொண்டு நடந்தார். குறி தப்பினால் தோட்டா சரியில்லை, தொலைநோக்கியில் ஈரம் ஏறிவிட்டது, காற்று மாறிவிட்டது என்று ஆயிரம் சாக்கு. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னால், "எனக்கென்ன குறைச்சல்? நீ போ, உனக்குத்தான் வயசாயிடுச்சு" என்பார்.

வளைக்குப் பக்கத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. பேச்சுச் சத்தம் கேட்டால் முயல் வெளியே வராது, உள்ளேயே கிடந்து கீரியோடு மல்லுக்கட்டும். அதனால் இருவருக்கும் நடுவே முப்பது வருஷமாகக் கைச்சைகைதான். இரண்டு விரல் காட்டினால் இரண்டாவது வளை, உள்ளங்கையைக் கவிழ்த்தால் பொறு. இப்போது அவள் சைகை காட்டினால் அவர் சும்மா இவள் பக்கம் பார்த்துத் தலையாட்டுகிறார். ஆகவே அவள் அவர் தோளோடு தோளாக உட்கார்ந்து, காதுக்குள் கிசுகிசுக்க ஆரம்பித்தாள். "முள்ளுக்கு இடது பக்கம், ரெண்டு கை தள்ளி." அவர் சுடுவார், முயல் விழும். "பார்த்தியா?" என்பார். இவள்தான் பார்த்தாள் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

ஆட்கினிடம் சொல்லிவிட்டால் துப்பாக்கி போய்விடும். துப்பாக்கி இல்லாத முயல்காரனைப் பண்ணைக்காரர்கள் வைத்துக்கொள்ளமாட்டார்கள். வலையும் பொறியும் வளை இருக்கிற மண்கரைக்குச் சரி, வயல் நடுவில் உட்கார்ந்து மேய்கிற முயலை வலை போட்டா பிடிப்பது? அதைவிட, அந்த மனிதர் என்ன ஆவார்? பக்கத்து வீட்டு ஹெரால்டு, லாரி ஓட்டுவதை நிறுத்திய நாள் முதல் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற காரை எண்ணிக்கொண்டிருக்கிறான். வில்ஃபை அந்த நாற்காலியில் நினைத்துப் பார்க்கவே நோரீனால் முடியவில்லை. நான் இருக்கிறேன், நான் பார்த்துச் சொல்கிறேன், இன்னும் ஒரு அஞ்சு வருஷம் ஓட்டிவிடலாம் என்று தனக்குத் தானே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கிளைவ் பெக்கின் பார்லி வயலுக்குப் போனார்கள். பிப்ரவரி கடைசி வாரம். மார்ச் பிறந்துவிட்டால் வளைக்குள் குட்டிகள் இருக்கும். கீரியை விட்டால் குட்டியைத் தின்றுவிட்டு அங்கேயே சுருண்டு தூங்கிவிடும், வெளியே வராது. அதனால் அந்த சீசனுக்கு இதுதான் கடைசி வேலை. வயலின் ஓரம் பத்து மீட்டருக்கு மொட்டையடித்தது மாதிரி கிடந்தது. எல்லாம் முயலின் கைங்கரியம். "என் பார்லியில பாதி அதுங்க வயித்துக்குள்ளதான் இருக்கு, வில்ஃப்" என்று கிளைவ் போனில் அழாத குறை.

வயல் முடிகிற இடத்தில் நீளமான மண்கரை. அந்தக் கரை முழுக்க வளை. கரையின் பின்பக்கம் திறந்த புல்வெளி, அங்கே வலை விரிக்கலாம். வயல் பக்கம் முழுக்கக் கருமுள் புதர், கையை நுழைக்க முடியாது. அங்கே துப்பாக்கிதான். புதரின் காலடியை ஒட்டி ஊர்ப்பாதை ஒன்று போகிறது. நாயோடு நடக்கிறவர்கள், குதிரைக்காரர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். பாதையில் ஆள் இல்லையே என்று பார்த்துவிட்டுத்தான் விசையைத் தொட வேண்டும்.

நோரீன் பின்பக்கம் பன்னிரண்டு வளைவாயில் பைவலைகளை விரித்து முளையடித்தாள். பிறகு மார்போடு அணைத்திருந்த பெட்டியிலிருந்து பட்டனை எடுத்தாள். பட்டன் பால் வெள்ளை, பெண் கீரி, மூன்று வயது. தாய் ஒதுக்கிவிட்ட குட்டி. ஊசிக்குழாயில் ஆட்டுப்பால் கொடுத்து நோரீன்தான் வளர்த்தாள். கழுத்தில் பட்டையைக் கட்டி பக்கிளை மாட்டினாள். அந்தப் பட்டையில் ஒரு சின்னக் கருவி உண்டு. மேலே நிற்கிறவர் கையில் ஒரு பெட்டி. கீரி மண்ணுக்குள் எங்கே மாட்டிக்கொண்டாலும் நேர் மேலே பெட்டியைக் கொண்டுபோனால் டிக் டிக் என்று அடித்துக் காட்டிக்கொடுக்கும்.

"போ தங்கம்" என்று வாயசைத்து, பட்டனை வளைக்குள் விட்டாள். வெள்ளை வால் மறைந்ததும் சுற்றிக்கொண்டு வந்து, அறுபது கஜத்துக்கு அப்பால் வைக்கோல் கட்டின்மீது சாய்ந்திருந்த வில்ஃபின் தோளருகே உட்கார்ந்தாள்.

ஆரம்பம் நன்றாகவே போனது. பின்பக்கம் அடுத்தடுத்து மூன்று வலையில் முயல் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் நோரீன் ஓடிப்போய் எடுத்து வந்தாள். முன்பக்கம் ஒன்று பாய்ந்து, வழக்கம்போல இருபது கஜம் ஓடி, உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. "உடைஞ்ச கம்பத்துக்கு வலது பக்கம்." வில்ஃப் சுட்டார். தலையில் அடி. நாலு முயலையும் பின்னங்காலைக் கோர்த்து வேலிக்கம்பியில் தொங்கவிட்டார்கள்.

மறுபடி பின்பக்கம் வலை இழுபடும் சத்தம். வலையில் விழுந்த முயலை உடனே எடுக்காவிட்டால் உதறிக்கொண்டு போய்விடும்.

"நான் வர்ற வரைக்கும் சும்மா உட்காரு, கிழவா" என்றாள் நோரீன்.

"சும்மா உட்காரவா இதைத் தூக்கிட்டு வந்தேன்?"

"பாதையில யாராவது வருவாங்க."

"வந்தா தெரியாதா எனக்கு? போ புள்ள, அது ஓடிடப் போகுது."

அவள் போனாள். வலையிலிருந்து முயலை எடுத்து, ஒரே இழுப்பில் கழுத்தை முறித்து, தோள்பைக்குள் போட்டாள். வலையைத் திரும்ப விரித்துக்கொண்டிருந்தபோது கரைக்கு அந்தப் பக்கம் 'டப்' என்றது.

"அடிச்சாச்சு!" வில்ஃபின் குரல். "பாதையோரம் கிடக்கு பாரு, எடுத்துட்டு வா!"

கரையைச் சுற்றி இறங்கி வந்தாள். பாதையோரப் புல்லில் பட்டன் கிடந்தாள். நல்ல வெளிச்சம், பச்சைப் புல், அதன்மேல் பால் வெள்ளை. கண்ணுள்ள எவனும் அதை முயல் என்று நினைத்திருக்கமாட்டான். நோரீன் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது, மூச்சு இல்லை. ஓவென்று கத்தி அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அறுபது கஜத்துக்கு அப்பால் அந்த மனிதர் சின்னப் பையன் மாதிரி எழுந்து நின்று, "என்ன, பெரிசா?" என்று கேட்டார்.

அவள் செய்ததை நான் சரி என்று சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். முதுகை அவர் பக்கம் காட்டிக்கொண்டே தோள்பையிலிருந்த முயலை வெளியே எடுத்தாள். பட்டனைத் தலைத்துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பட்டை ஞாபகம் வந்தது. பைக்குப் பக்கத்தில் வந்ததும் பெட்டி டிக் டிக் என்று அடித்தால் மானம் போய்விடும். அவசரமாகப் பக்கிளைத் திறந்து பட்டையைக் கழற்றி, பக்கத்தில் செங்குத்தாக இறங்குகிற ஒரு வளைக்குள் போட்டு, நீளமான குச்சியால் எட்டின மட்டும் தள்ளினாள். அப்புறம் எழுந்து முயலைக் காதைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள்.

"நல்ல அடி!"

"தலையிலயா?"

"தலையிலதான்."

"கண்ணாடிக் கடைக்குப் போகணுமாம், கண்ணாடிக் கடைக்கு!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார் வில்ஃப். முயலை வேலிக்கம்பியில் மற்ற நாலோடு மாட்டிவிட்டு, நோரீன் கொஞ்ச நேரம் அந்தக் கம்பியையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொய்யைச் சொல்லிவிட்டாள், சரி. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். முப்பது வருஷம் இதே மனிதரோடு இதே வேலை பார்த்தவள்தானே?

அரைமணி ஆயிற்று. பட்டன் வரவில்லை. எப்படி வருவாள்?

"உள்ளயே படுத்துட்டா போல" என்றார் வில்ஃப். "குட்டி ஏதாவது கிடைச்சிருக்கும். மார்ச்சுக்கு முன்னாடியே ஈன்றிருக்குதுங்க. அந்தப் பெட்டியைக் கொடு."

"விடு, வில்ஃப். வளை வாயில வைக்கோல் பெட்டியை வெச்சிட்டுப் போவோம். தானே வந்து படுத்துக்கும். காலையில வந்து எடுத்துக்கலாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா பேசறே? கீரியை உள்ள விட்டுட்டு வீட்டுக்குப் போனதா சரித்திரமே கிடையாது நமக்கு. அதுவும் பட்டன். அதை மண்ணுக்குள்ள விட்டுட்டு நான் அங்க போய் சூப் குடிக்கவா?"

"எனக்குக் குளிருது."

"வேன்ல போய் உட்காரு. நான் எடுத்துட்டு வரேன்."

பெட்டி கரைமேல் ஒரு இடத்தில் டிக் டிக் என்று அடித்தது. மூன்றடிக்கும் மேல் ஆழம் என்று காட்டியது. வில்ஃப் கோட்டைக் கழற்றி முள்ளில் மாட்டிவிட்டு மண்வெட்டியை இறக்கினார்.

மேல்மண் ஒரு சாண்தான், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டி ணங் என்றது. நடுவில் கருமுள் வேர், அதைக் கைரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்த மனிதர். பத்து வெட்டு, ஒரு ஓய்வு, பத்து வெட்டு, ஒரு ஓய்வு. "நான் கொஞ்சம் வெட்டறேன்" என்று நோரீன் கேட்டாள், தரவில்லை. "உனக்குப் பதட்டம். பதட்டத்துல வெட்டினா அவ தலையிலயே போட்டுடுவே" என்றார். வியர்வையும் சுண்ணாம்பும் சேர்ந்து முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பள்ளத்துக்குள் குனிந்து, "பயப்படாதே குட்டி, வந்துட்டேன் வந்துட்டேன்" என்று மண்ணோடு பேசினார். பையின் வார் நோரீனின் தோளை அறுத்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனபின் சொல்வது, உடனே சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனபின் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நடுவில் பாதையில் ஒரு ஆள் நாயோடு வந்தது. பதினைந்து அடி தூரத்தில் நின்றது.

வில்ஃப் நிமிர்ந்து பார்த்தார். "வா கிளைவ்! உன் கரையை நாசம் பண்றேன்னு திட்டாதே. மூடிட்டுத்தான் போவேன்."

"வில்ஃப், நான் ஜேனிஸ்" என்றாள் கிளைவின் மனைவி. "ஏன், எனக்கு மீசை முளைச்சிருச்சா?"

"வெயில் கண்ணுல அடிக்குதும்மா" என்று சிரித்தார் வில்ஃப்.

வெயில் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. ஜேனிஸ் அதைக் கவனிக்கவில்லை. கீரி கிடைக்க வாழ்த்திவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு நடந்தாள். பட்டன் கிடந்த புல்லைத் தாண்டித்தான் போனாள். நோரீன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜேனிஸ் போட்டிருந்தது முழங்கால் வரை நீண்ட வெள்ளைக் கம்பளிக் கோட்டு. இரண்டு மணி நேரம் முன்னால் தான் வலையைச் சரிசெய்யப் போனபோது ஜேனிஸ் இதே பாதையில் வந்திருந்தால்? பட்டன் போனதுகூட அப்போது நோரீனுக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

"ஆப்பிட்டுச்சு!" என்றார் வில்ஃப்.

குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டிருந்தார். "இங்கதான் இருக்கு... பட்டை மட்டும்தான் இருக்கு." வெளியே எடுத்தார். கீரி சில சமயம் பட்டையை நழுவவிட்டுவிடும், புதிது ஒன்றும் இல்லை. ஆனால் நழுவின பட்டை வளையமாகவே கழன்று வரும். இது வால் மாதிரி நீளமாகத் தொங்கியது. வில்ஃபின் கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே போய்ப் பக்கிளில் நின்றது. பக்கிள் திறந்திருந்தது. கீரிக்கு ஏது கை?

அவர் மெல்ல எழுந்து, பள்ளத்திலிருந்து ஏறி, வேலிக்கம்பிப் பக்கம் நடந்தார். தொங்கிக்கொண்டிருந்த முயல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, தலையையும் கழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். ஐந்தையும் பார்த்து முடித்துவிட்டு, திரும்ப ஒருமுறை முதலிலிருந்து பார்த்தார்.

"இன்னிக்கு நான் ரெண்டு அடிச்சேன்" என்றார். "ஓட்டை ஒண்ணுலதான் இருக்கு."

நோரீன் தோள்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவளை எங்க வெச்சிருக்கே?"

அவள் பையைத் திறந்து துண்டோடு எடுத்துக் கொடுத்தாள். வில்ஃப் வாங்கிக்கொண்டு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். துண்டைப் பிரித்துத் தடவினார். காயம் எங்கே என்று கையே கண்டுபிடித்தது. நல்ல அடிதான், விலாவுக்கு நடுவே. அவர் முகத்தில் சுண்ணாம்புப் பொடியில் கண்ணீர் இரண்டு கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

"வெள்ளையா ஒண்ணு அசைஞ்சுது" என்றார். "முயல் வாலுன்னு நினைச்சேன்."

முயல் ஓடும்போது வாலின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

"நவம்பர்லேர்ந்து அப்படித்தான் சுடறேன், நோரீன். நீ சொல்ற இடத்துல பார்ப்பேன், முயலெல்லாம் தெரியாது எனக்கு. அந்த வெள்ளைதான் தெரியும். வெள்ளை அசைஞ்சா சுடுவேன். வெள்ளைக் கீரிதான் பத்திரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, நான்..." மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். "நான் குருட்டு முட்டாள். அது போகட்டும். ரெண்டு மணி நேரமா என்னைத் தோண்ட விட்டுட்டு நின்னியே, உனக்கு என்ன கல் நெஞ்சா?"

"சொல்ல வாய் வரலை."

"வியாழக்கிழமை அந்த ஆட்கின் கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"நிஜமா சொல்லு. எப்போலேர்ந்து சொல்றதா இருந்தே?"

நோரீன் பாதையைப் பார்த்தாள். "ஜேனிஸ் போனதுலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி கேட்டிருந்தா?"

"சொல்லியிருக்கமாட்டேன்."

"அடிப் பாவி" என்றார் வில்ஃப். கோபத்தில் எழுந்தே விட்டார். "அந்தப் பொண்ணு நடந்து போற பாதைடி இது! கீரியோட போச்சு இன்னிக்கு. நீ பாசம்னு சொல்லி மூடி மூடி வெச்சா, நாளைக்கு நான் ஜெயில்ல உட்கார்ந்திருப்பேன், கிளைவ் கல்லறையில நின்னுட்டு இருப்பான். என்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம் உனக்கு? கடிச்சிடுவேனா?"

"நீ ஹெரால்டு மாதிரி ஜன்னல்கிட்ட உட்கார்ந்துடுவியோன்னுதான்!" நோரீனும் கத்தினாள். அழுகையும் அப்போதுதான் வந்தது. "நீ மட்டும் என்ன யோக்கியம்? வாலைப் பார்த்துச் சுடறேன்னு என்கிட்ட சொன்னியா? நவம்பர்லேர்ந்து! நாலு மாசம்! முயல்னு நினைச்சு நீ என்னையே சுட்டிருந்தாலும், தோட்டா சரியில்லைன்னுதான் சொல்லியிருப்பே!"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். வளைக்குப் பக்கத்தில் இவ்வளவு சத்தம் போட்டது முப்பது வருஷத்தில் அன்றுதான்.

அப்புறம் அவர் போய்த் துப்பாக்கியை எடுத்தார். தோட்டாவை வெளியே தள்ளினார். உள்ளே ஒன்றும் இல்லையே என்று விரல் விட்டுப் பார்த்தார். அது இல்லாமல் சுட முடியாத பூட்டாணியைத் தனியாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை உறைக்குள் இட்டு மூடினார். எல்லாம் நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல். "வியாழக்கிழமை அவர் வரட்டும். லைசென்ஸ் ஃபாரத்துல நான் கையெழுத்துப் போடப் போறதில்லை. இதை அவரே எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். "டென்னிஸுக்கு லைசென்ஸ் இருக்கில்ல? கேட்டுப் பாரு. வயல் நடுவுல இருக்கறதை அவன் அடிக்கட்டும். வலையும் பொறியும் நாம பார்த்துக்கலாம். என் கை நல்லாத்தான் இருக்கு."

"டென்னிஸா? அவனை நீ மாட்டுத் தீவனம்னு சொல்லி விரட்டினே."

"இன்னிக்கு நான் பண்ணினதுக்கு அவன் என்னை என்ன வேணா சொல்லிக்கட்டும்."

பட்டனைத் துண்டோடு அந்தப் பள்ளத்திலேயே வைத்தார்கள். நோரீன் ஒரு நிமிஷம் குனிந்து அவள் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தாள். வில்ஃப் மண்ணைத் தள்ள, நோரீன் மிதித்து இறுக்கினாள். பள்ளத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் கிளைவின் மாடு காலை உடைத்துக்கொள்ளும். வலைகளைச் சுருட்டி, முளைகளை எண்ணி, முயல்களை ஏற்றினார்கள்.

வில்ஃப் வழக்கம்போல வேனின் முன்பக்கம் சுற்றி வந்தார். நோரீன் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டினாள்.

"என்ன?"

"சாவி."

"வேன் சாவியா?" வில்ஃப் திகைத்துப் போனார். "ஏ கிழவி, இது துப்பாக்கியா? இது வண்டி."

"வர்ற வழியில அந்த சைக்கிள்காரனை நீ பார்த்தியா?"

"எந்த சைக்கிள்காரன்?"

நோரீன் கையை மடக்கவில்லை. வில்ஃப் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டுப்பையில் கையை விட்டுத் துழாவி, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீ ஓட்டிப் பதினோரு வருஷம் ஆச்சு" என்று மட்டும் முணுமுணுத்தார். சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் தேடித் திறந்து உட்கார்ந்தார். இதுவரைக்கும் அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டை எங்கே இழுப்பது என்றுகூடத் தெரியவில்லை, நோரீன்தான் மாட்டிவிட்டாள்.

முதல் கியர் விழ மூன்று தடவை ஆனது. வேன் குதித்துக் குதித்துப் பாதைக்கு ஏறியது. வில்ஃப் கேலி செய்யவில்லை. பண்ணை வாசலைத் தாண்டும்போது, "வரும்போது பாலத்துக்கிட்ட ஏதோ இடிச்ச மாதிரி இருந்துச்சே. நீ ஒண்ணுமில்லைன்னு சொன்னே" என்றார்.

"குப்பைத் தொட்டி."

"நிஜமாவா?"

"நிஜமா. காலித் தொட்டி."

வில்ஃப் மடியில் கிடந்த காலிப் பட்டையைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். "இனிமே உன் கண்ணுதான் எனக்கு, நோரீன்" என்றார். "அதுவும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

நோரீன் இடது கையால் அவர் முட்டியை ஒருமுறை அழுத்திவிட்டு, திரும்பக் கியரைப் பிடித்தாள். முன்னால் என்ன தெரிகிறது என்று அவர் கேட்டார். வளைவில் ஒரு டிராக்டர், வலது பக்கம் பெக் வீட்டு ஆடுகள், அதற்கப்பால் மழை வருகிற மாதிரி இருட்டு என்று, உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டே அவள் ஓட்டினாள்.